ஒற்றைக் கையுறை

பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்
ஹீட்டர் பாதி வேலைசெய்யும் அறையில்
செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு
ஆங்கிலம் விற்கிறேன், இலவசமாக.

சென்ற வாரம் பார்ப்பதற்கான மூன்று சொற்கள்.
டிவி என்றால் வாட்ச்.
ஜன்னல் வழியே கடல் என்றால் லுக்.
பேய் என்றால் சீ மட்டும்தான்,
அதை யாரும் முயன்று பார்ப்பதில்லை என்றேன்.
சிரித்தார்கள். சிரித்தால் புரிந்ததாகக் கணக்கு.

இந்த வாரம் ஸ்டோயன் கேட்டான்:
லாஸ்ட், மிஸ்ஸிங், இரண்டும் ஒன்றுதானே?

கோட்டுப் பையிலிருந்து
ஒற்றைக் கையுறையை எடுத்து மேசையில் வைத்தேன்.
இதன் ஜோடி மிஸ்ஸிங்.
இருக்க வேண்டிய இடம் தெரியும், அங்கே இல்லை,
இன்னும் தேடுகிறோம்.
லாஸ்ட் என்றால் தேடி முடித்தாயிற்று.
பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.
இருபத்திரண்டு வருட அனுபவம்,
கோடு நேராகத்தான் வந்தது.

விஸ்மா இடது கையைத் தூக்கினாள்.
சந்தேகம் கேட்கத்தான் என்று நினைத்தேன்.
சுண்டுவிரல் இருந்த இடத்தில் காற்று.
“ஹெரிங் மெஷின், டீச்சர்.
ஒன் ஃபிங்கர் மிஸ்ஸிங். சரியா?”
இலக்கணம் சரி.
“ஆனால் யாரும் தேடவில்லையே.”
அவள் முகத்தில் இருந்தது குறும்பா, வேறெதுவுமா,
அதற்கான சொல் எனக்குப் பிடிபடவில்லை.

நவார் அதுவரை வாய் திறக்கவில்லை.
மீன் பெட்டி அடுக்குகிறவன்,
பென்சிலைக் கத்தியால்தான் சீவுவான்.
பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினான்.
தம்பியின் பெயர், பிறந்த தேதி,
கடைசியாகப் பார்த்த ஊர்: ஹோம்ஸ்.
நான்கு கட்டங்களில்
மிஸ்ஸிங் என்ற கட்டத்துக்குள் ஒரு டிக்.
பதினொரு வருடப் பழைய மை.
“எத்தனை வருடத்தில், டீச்சர்,
இது லாஸ்ட் ஆகும்?”

ஹீட்டர் அப்போது பார்த்து நின்றது.

துறைமுகச் சுவரில் ஒரு கல் இருக்கிறது.
மேலே லாஸ்ட் அட் ஸீ என்று பொறித்து
கீழே பெயர்கள்.
ஒன்பதாவது என் அண்ணன்.
கல் கொத்துகிறவரிடம் நாங்கள்தான்
எழுத்துக்கூட்டிக் கொடுத்தோம், அவனுக்கு இரண்டு எல் வரும் என்று.
மிஸ்ஸிங் என்று பொறிக்க
எந்த ஊரிலும் கல் வெட்டுவதில்லை.

இதை அங்கே சொல்லவில்லை.
வீட்டுப்பாடம் கொடுத்தேன்:
இந்தச் சொற்கள் தெருவில் எங்கே தென்படுகின்றன,
பார்த்து எழுதி வாருங்கள்.
பதில் தெரியாத ஆசிரியர்கள்
காலகாலமாகச் செய்துவருவது.

அடுத்த செவ்வாய்
நவார் மட்டும் செய்துவந்திருந்தான்.
செல்போனில் ஒரு படம்.
பஸ் நிறுத்தக் கண்ணாடியில் ஒட்டிய தாள்,
அதில் ஒரு சாம்பல் பூனை,
அதன் தலைக்கு மேல்
கொட்டை எழுத்தில் லாஸ்ட்.
பெயர் பிக்கிள்ஸ். வலது காது மடங்கியிருக்கும்.
கண்டுபிடித்துத் தருவோருக்குப் பத்து பவுண்டு.

“லாஸ்ட் என்று போட்டுவிட்டுத்
தேடுகிறார்களே, டீச்சர்.”

எந்தக் காது என்று
ரோடெலியோ மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டான்.
பத்து பவுண்டு பத்து பவுண்டுதான்.
விஸ்மா ஒன்பது விரல்களால் மேசையில் தாளம் போட்டாள்.

பலகையில் போன வாரத்து அடிக்கோடு
அழிக்கப்படாமல் இருந்தது.
டஸ்டரைக் காணோம்.
கோட்டுக் கையாலேயே துடைத்தேன்,
மையின் நீலம் இன்னும் போகவில்லை.

அன்றைய பாடம் ஃபைண்ட்.
நான் கண்டுபிடிக்கிறேன், அவன் கண்டுபிடிக்கிறான்,
எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள்,
நவாரின் குரல் அரை நொடி பிந்தி வந்தது.
“இதற்கு இறந்தகாலம் என்ன?” என்றான் ஸ்டோயன்.

அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.